ரோட்டா சொட்டு மருந்துக்குப் பிறகு குடல் செருகிக்கொண்டால், காரணம் மருந்தா?

பிறந்து ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று மூன்று தவணையாகக் குழந்தைகளுக்கு, கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். மருந்தோடு வரும் தாளைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு எச்சரிக்கை இருக்கும்: முன்பு குடல் செருகல் வந்த குழந்தைக்கு இதைக் கொடுக்கக் கூடாது. வாட்ஸாப்பில் சுற்றும் பல செய்திகள் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்புகின்றன. மருந்து குடலை அடைத்துவிடும் என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று அவை முடிக்கின்றன.

எச்சரிக்கை உண்மை. ஆனால் அதிலிருந்து அந்த முடிவுக்குப் போக முடியாது. எச்சரிக்கை ஏன் வந்தது, ஆபத்தின் அளவு எவ்வளவு, இந்தியக் குழந்தைகளிடம் அது தென்பட்டதா என்று வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

குடல் செருகல் என்றால் என்ன?

முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கைப்பகுதி தனக்குள்ளேயே மடிந்து உள்ளே போய்விடும் இல்லையா? குடலின் ஒரு பகுதி அதேபோல அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுவதுதான் குடல் செருகல். டாக்டர்கள் இன்டஸ்ஸசெப்ஷன் என்பார்கள். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

உள்ளே போகும் குடல் தனியாகப் போவதில்லை, தன் ரத்தக்குழாய்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. முதலில் ரத்தம் திரும்பும் வழி அடைபடும். குடல் வீங்கும். உட்சுவரிலிருந்து கசியும் ரத்தம் சளியோடு கலந்து, சிவப்பு ஜாம் போல மலத்தில் வரும். அப்படியே விட்டால் ரத்தம் உள்ளே வரும் வழியும் அடைபட்டு, குடல் அழுகி ஓட்டை விழும்.

இந்த நோயில் அழுகைக்கு ஒரு தனி நடை உண்டு. நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வீறிட்டு அழும். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும், முகம் வெளுக்கும். சில நிமிடத்தில் அழுகை நின்று துவண்டு கிடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கால் மணி நேரம், இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அதே வீறல். நடுவில் வரும் அந்த அமைதிதான் வீட்டாரை ஏமாற்றிவிடுகிறது. காற்று பிடித்திருக்கும் என்று ஓம வாட்டர் கொடுப்பார்கள். உரம் விழுந்திருக்கும் என்று, உரம் எடுக்கத் தெரிந்த பாட்டியிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்குள் வாந்தி பச்சையாகிவிடும். ரத்தம் கலந்த மலம் வருவது பெரும்பாலும் அதற்கும் அப்புறம்தான். அதைப் பார்த்தபின் போகலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

சீக்கிரம் போய்விட்டால் இது சரிசெய்யக்கூடிய நோய். வயிற்றை ஸ்கேன் செய்தால் குறுக்கே நறுக்கிய வெங்காயம் போல வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, உள்ளே போன குடலை வெளியே தள்ளிவிடுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தி வைக்க வேண்டியதே இல்லை. தாமதமானால்தான் அறுவை சிகிச்சை, அதிலும் சிலருக்குக் குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டி வரும்.

சொட்டு மருந்து இல்லாவிட்டாலும் இது வரும்

தடுப்பு மருந்தைப் பற்றிய எந்தப் புகாரையும் எடைபோடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு எண் உண்டு. மருந்தே இல்லாத காலத்தில் இந்த நோய் எத்தனை பேருக்கு வந்தது என்பதே அது. நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் இதைப் பின்னணி விகிதம் என்கிறார்கள்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு கட்டுரை, ஒரு வயதுக்கு உட்பட்ட 1 லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 74 பேருக்குக் குடல் செருகல் வருகிறது என்று கணக்கிட்டது. இடத்துக்கு இடம் வித்தியாசம் பெரிது. வியட்நாமின் ஹனோயில் இது 300ஐத் தொட்டது. வயதைப் பார்த்தால், பிறந்த முதல் இரண்டு மாதத்தில் அரிது, பிறகு வேகமாக ஏறி 5 முதல் 7 மாதத்தில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கும்.

சரி, எளிதான எண்களை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களில் 2,000 பேருக்கு ஒருவர் வீதம் முதல் ஆண்டில் 500 பேருக்கு இந்த நோய் வருவதாகவும் வைத்துக்கொள்வோம்.

1. ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று தவணை மருந்து. ஒவ்வொரு தவணைக்கும் பிந்தைய 7 நாளைச் சேர்த்தால் மொத்தம் 21 நாள்.
2. ஆண்டுக்கு 365 நாள். நோய் எல்லா நாளிலும் சமமாக வருவதாக வைத்தால், 500 பேரில் சுமார் 29 பேருக்கு அது மருந்து கொடுத்த ஒரு வாரத்துக்குள் வந்திருக்கும்.
3. அந்தச் சொட்டு மருந்துக்குப் பதில் வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் அதே 29 பேர்தான்.

ஆறு முதல் பதினாலு வாரத்தில் நோய் குறைவு என்பதால் நிஜத்தில் இந்த எண் இன்னும் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் பூஜ்யமாகாது. புதன்கிழமை சொட்டு மருந்து கொடுத்துவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஒரு தாயிடம் போய் இது தற்செயல் என்று சொன்னால் அவர் மனம் ஏற்காது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே ஒரு குழந்தையை மட்டும் பார்த்து மருந்தால் வந்ததா, தானாக வந்ததா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கூட்டமாக எண்ணிப் பார்க்கும்போதுதான் விடை கிடைக்கும்: தற்செயலாக வரவேண்டிய அளவைவிடக் கூடுதலாக வருகிறதா?

1999இல் அமெரிக்காவில் அப்படி எண்ணிப் பார்த்தபோது விடை 'ஆம்' என்று வந்தது.

ரோட்டாஷீல்ட்: சந்தேகம் உறுதியான கதை

ரோட்டா வைரஸை ரூத் பிஷப் குழுவினர் மெல்போர்னில் கண்டுபிடித்தது 1973இல். சிறு குழந்தைகளைக் கடுமையான வயிற்றுப்போக்கில் தள்ளி, உடலின் நீரை வற்றவைத்துக் கொல்லும் கிருமிகளில் இதுதான் முதலிடம். 25 ஆண்டுக்குப் பிறகு, 1998 ஆகஸ்டில், இதற்கு எதிரான முதல் தடுப்பு மருந்தான ரோட்டாஷீல்டுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ரீசஸ் குரங்கின் ரோட்டா வைரஸை அடிப்படையாக வைத்துச் செய்த வாய்வழி மருந்து அது.

அனுமதிக்கு முன்பே ஒரு சின்னக் கேள்விக்குறி இருந்தது. சோதனைகளில் மருந்து பெற்ற 10,054 குழந்தைகளில் 5 பேருக்குக் குடல் செருகல். ஒப்பிடுவதற்காக, மருந்தே இல்லாத போலி மருந்து பெற்ற 4,633 பேரில் ஒருவருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்றது புள்ளியியல். அது சரியான கணிப்புதான். ஆனாலும் விஷயத்தை மூடி மறைக்கவில்லை: மருந்துத் தாளில் குறிப்பிட்டார்கள், பயன்பாட்டுக்கு வந்தபின் கண்காணிக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்கள்.

கண்காணிப்பு பலன் கொடுத்தது. அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பைப் புகார் செய்யும் பதிவேடு ஒன்று இருக்கிறது. சுமார் 15 லட்சம் தவணை மருந்து கொடுத்திருந்த நிலையில், 1999 ஜூலைக்குள் குடல் செருகல் என்று 15 புகார்கள் வந்தன. 15 என்பது தன்னளவில் பெரிய எண் இல்லை. அவை குவிந்திருந்த விதம்தான் ஆய்வாளர்களை உலுக்கியது: 15இல் 13 பேருக்கு முதல் தவணைக்குப் பிறகு வந்திருந்தது, 12 பேருக்கு ஏதோ ஒரு தவணை கொடுத்த ஒரு வாரத்துக்குள் வந்திருந்தது. தற்செயல் என்றால் மூன்று தவணைக்கும் பரவி, நாட்களிலும் பரவியிருக்க வேண்டும்.

அந்த ஜூலையிலேயே மருந்தை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். அக்டோபரில் நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு நடந்த விரிவான ஆய்வு, முதல் தவணைக்குப் பின் 3 முதல் 14 நாள் வரை குடல் செருகலுக்கான வாய்ப்பு சுமார் 22 மடங்கு கூடியிருந்ததைக் காட்டியது. மொத்தமாகப் பார்த்தால், மருந்து பெற்ற ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்குக் கூடுதலாக இந்த நோய் வந்தது என்ற மதிப்பீடு நிலைத்தது.

10,000 பேரில் ஒருவர் என்றால், மருந்து பெற்ற 10,000 பேரைக் கொண்ட சோதனையில் எதிர்பார்க்கக்கூடிய கூடுதல் நோயாளி ஒரே ஒருவர். முன்கூட்டிய சோதனைகளில் ஏன் பிடிபடவில்லை என்பதற்கு இதுதான் பதில். யாரும் தூங்கிவிடவில்லை, வலையின் கண் அந்த மீனைவிடப் பெரிதாக இருந்தது.

மருந்து எப்படிக் குடலைச் செருகவைக்கும்? சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோயெதிர்ப்புத் திசுத் திட்டுகள் நிறைய உண்டு. உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ் குடலில் பெருகும்போது இந்தத் திட்டுகளும் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளும் வீங்கும். குடல் அசையும்போது அந்தப் புடைப்பைப் பிடித்து முன்னால் இழுத்துவிடலாம். வைரஸ் பெருகுவது முதல் தவணைக்குப் பின் சில நாட்களில்தான் அதிகம். அடுத்த தவணைகளில் உடல் அதை அடக்கிவிடும். நோய் முதல் வாரத்தில் குவிந்ததோடு இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது.

இந்தக் கதையில் எனக்கு வலிப்பது வேறொரு இடம். அமெரிக்காவில் ரோட்டா வைரஸால் இறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. அந்த நாட்டுக்கு மருந்தை எடுத்துவிட்டது நியாயமான முடிவு. ஆனால் லட்சக்கணக்கில் குழந்தைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஏழை நாடுகளுக்கும் அந்த மருந்து இல்லாமலே போனது. பணக்கார நாடு வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தன் குழந்தைகளுக்குக் கொடுக்க எந்த அரசும் துணியவில்லை. 2000ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ரோட்டா வைரஸால் 5 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அடுத்த மருந்துகள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதிய மருந்துகள், பெரிய சோதனைகள்

ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் என்ற இரண்டையும் குடல் செருகலை மனத்தில் வைத்தே சோதித்தார்கள். ஒவ்வொன்றிலும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். ரோட்டாரிக்ஸில் மருந்து பெற்றவர்களில் 6 பேருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 7 பேருக்கும் ஒரு தவணைக்குப் பின் 31 நாளுக்குள் வந்தது. ரோட்டாடெக்கில் 42 நாளுக்குள் 6 பேர், 5 பேர். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் வலையின் கண் இங்கேயும் ஒரு அளவில்தான் இருந்தது. பல லட்சம் குழந்தைகளுக்குப் போனபின் சிறிய ஆபத்து ஒன்று சில நாடுகளில் தெரியத்தான் செய்தது. மெக்சிகோவில் முதல் தவணையின் முதல் வாரத்தில் வாய்ப்பு சுமார் 5 மடங்கு கூடியது. சுமார் 51,000 குழந்தைக்கு ஒரு கூடுதல் நோயாளி. பிரேசிலில் முதல் தவணைக்குப் பின் எதுவும் இல்லை, இரண்டாவதுக்குப் பின் சிறிதளவு, 68,000க்கு ஒருவர். ஆஸ்திரேலியாவில் லட்சத்துக்கு 5 அல்லது 6 பேர்.

ஐந்து மடங்கு என்று தலைப்பில் படித்தால் நெஞ்சு பதறும். எதன் ஐந்து மடங்கு என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு குறிப்பிட்ட வாரத்தில் இந்த நோய் வருவது மிக மிக அரிது. அந்த அரிதின் ஐந்து மடங்கும் அரிதுதான். மெக்சிகோவையும் பிரேசிலையும் சேர்த்து ஆய்வாளர்கள் போட்ட ஆண்டுக் கணக்கு இது: மருந்தால் 96 குடல் செருகல், 5 மரணம், மருந்து தடுத்தவை வயிற்றுப்போக்கால் 80,000 மருத்துவமனைச் சேர்க்கைகள், 1,300 மரணங்கள். அந்த ஐந்தையும் எழுதாமல் 1,300ஐ மட்டும் எழுதுவது நேர்மையாகாது. ஐந்தை மட்டும் எழுதுவதும் அப்படித்தான்.

குழந்தையைத் தன்னோடு தானே ஒப்பிடும் முறை

மருந்து பெற்ற குழந்தையையும் பெறாத குழந்தையையும் ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. தடுப்பூசி போடாத வீடுகள் பல விதத்தில் வேறுபட்டிருக்கும்: வருமானம், தண்ணீர், ஆஸ்பத்திரியின் தூரம். நோயில் தெரியும் வித்தியாசம் மருந்தால் வந்ததா இவற்றால் வந்ததா என்று குழம்பும்.

இதற்கு ஒரு அழகான மாற்று வழி இருக்கிறது. நோய் வந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு குழந்தையின் முதல் ஆண்டையும் இரண்டு விதமான நாட்களாகப் பிரிக்கிறார்கள்: மருந்து கொடுத்தபின் வரும் சில நாட்கள், மற்ற நாட்கள். குழந்தையின் வயதுக்கேற்ப நோய் ஏறி இறங்குவதைக் கணக்கில் சரிசெய்துவிட்டு, மருந்துக்குப் பிந்தைய நாட்களில் நோய் அளவுக்கு மீறிக் குவிகிறதா என்று பார்க்கிறார்கள். குவியவில்லை என்றால் விகிதம் 1ஐ ஒட்டி வரும். வீடு, வருமானம், தண்ணீர் எல்லாம் ஒரே குழந்தைக்கு ஒன்றுதான் என்பதால் அந்தக் குழப்பம் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது.

இந்தியாவில் என்ன தெரிந்தது?

இந்தியாவின் சொந்த மருந்து ரோட்டாவேக். டெல்லி எய்ம்ஸில் 1980களின் நடுவில் பிறந்த குழந்தைகளிடமிருந்து, நோய் எதுவும் உண்டாக்காமல் இருந்த ஒரு வைரஸ் வகையை மகாராஜ் கிஷன் பான் குழுவினர் எடுத்தார்கள். 116ஈ என்ற அந்த வகையிலிருந்து மருந்து உருவாகி, டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்கு மேல் தடுத்தது. இரண்டு வயது வரை பார்த்ததில் மருந்து பெற்ற 4,532 பேரில் 8 பேருக்கும், போலி மருந்து பெற்ற 2,267 பேரில் 3 பேருக்கும் குடல் செருகல். அத்தனையும் மூன்றாவது தவணைக்குப் பிறகு வந்தவை. ரோட்டாஷீல்டில் பார்த்த முதல் தவணைக் குவியல் இதில் இல்லை.

வேலூர் மையத்தின் எண்களைத் தனியாக வெளியிட வேண்டும் என்று அப்போது ஒரு சர்ச்சை எழுந்தது. கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அங்கே லேசான சந்தேகம் வந்தாலே ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலுக்குள் சிறிது நேரம் செருகி, தானே விடுபடும் செருகல்கள் உண்டு. ஸ்கேன் எடுக்காவிட்டால் அவை வந்து போனதே தெரியாது. தேடிப் பார்க்கும் இடத்தில் எண்ணிக்கை ஏறும். தவிர, 8ஐயும் 3ஐயும் மூன்று ஊருக்குப் பங்கு போட்டால் எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது.

மருந்து நாடெங்கும் போனபின் நடந்த ஆய்வுதான் தெளிவு தந்தது. 2016இல் ஆந்திரா, ஹரியானா, இமாச்சல், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் தேசியத் திட்டத்தில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 27 மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்களில் 589 பேரை மேலே சொன்ன முறையில் அலசினார்கள். 2020இல் முடிவு வெளியானது. தவணைக்குப் பிந்தைய முதல் வாரத்து விகிதம்:

1. முதல் தவணை: 0.83
2. இரண்டாவது: 0.86
3. மூன்றாவது: 1.65

மூன்றாவது எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அதன் பிழை வரம்பு 1க்குக் கீழேயிருந்து தொடங்குகிறது, அதாவது தற்செயலோடு ஒத்துப்போகிறது. ஆபத்து எதிர்பார்க்கப்பட்ட முதல் தவணையில் கூடுதல் எதுவும் இல்லை. ஆப்பிரிக்காவின் ஏழு நாடுகளில் ரோட்டாரிக்ஸை வைத்து நடந்த ஆய்விலும் இதே விடைதான்.

மெக்சிகோவிலும் ஆஸ்திரேலியாவிலும் தெரிந்தது இங்கே ஏன் தெரியவில்லை? ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் இவை: முதல் தவணையை ஆறு வாரத்திலேயே, நோய் இயல்பாகவே மிகக் குறைவாக இருக்கும் வயதில் கொடுக்கிறோம், கூடவே போலியோ சொட்டு மருந்தும் கொடுப்பதால் குடலில் ரோட்டா வைரஸ் பெருகுவது மட்டுப்படுகிறது, நம் குழந்தைகளின் குடலில் இந்த மருந்து பொதுவாகவே குறைவாகத்தான் பிடிக்கிறது. கடைசி இரண்டும் உண்மையானால், ஆபத்தைக் குறைத்த அதே காரணம்தான் பலனையும் குறைக்கிறது என்று அர்த்தம்.

தாமதமாகக் கொண்டுவந்தால் கொடுக்கலாமா?

ரோட்டாஷீல்ட் தரவை மறுபடி அலசியபோது, முதல் தவணையை 90 நாளுக்குப் பிறகு பெற்ற குழந்தைகள்தான் குடல் செருகலில் 80 சதவீதம் என்று தெரிந்தது. முதல் தவணைகளில் அவர்களின் பங்கு 38 சதவீதம்தான். எனவே முதல் தவணையை 15 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், இல்லையென்றால் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரம்பு வந்தது.

மலைக்கிராமத்திலோ செங்கல் சூளையிலோ இருக்கும் குழந்தை நேரத்துக்கு வராது. பேதியில் முதலில் சாவதும் பெரும்பாலும் அந்தக் குழந்தைதான். வரம்பை எடுத்தால் வளரும் நாடுகளில் என்ன ஆகும் என்று 2012இல் ஒரு கணிப்பு வெளியானது: கூடுதலாக 47,200 ரோட்டா மரணங்களைத் தடுக்கலாம், குடல் செருகலால் 294 மரணம் கூடலாம். அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வரம்பைத் தளர்த்தியது. இந்தியத் திட்டத்திலும் முதல் தவணையை ஒரு வயது வரை தொடங்கலாம். என் கணிப்பில் இது சரியான முடிவு, ஆனால் லேசான முடிவு இல்லை. அந்த 294ஐக் குறைக்கும் வேலை நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

சொட்டு மருந்து கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இவை இருந்தால் அன்றே, இரவானாலும், ஸ்கேனும் குழந்தை அறுவை சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

1. விட்டு விட்டு வரும் வீறிட்ட அழுகை, ஒவ்வொரு முறையும் காலை மடக்கிக்கொள்வது.
2. திரும்பத் திரும்ப வாந்தி. முக்கியமாகப் பச்சை நிறத்தில்.
3. மலத்தில் ரத்தமும் சளியும்.
4. அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடப்பது. சில குழந்தைகளுக்கு இது ஒன்றுதான் அறிகுறி.
5. வயிறு உப்புவது, தொட்டால் கட்டி போல நிரடுவது.

முன்பு குடல் செருகல் வந்திருந்தால் தவணை கொடுக்கும் முன்பே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் குழந்தைக்கு இந்த மருந்து கிடையாது. சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் மறுபடி வரக்கூடும்.

ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தத் தவணை எந்தத் தேதியில் கொடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். 589 குழந்தைகளின் கணக்கு இப்படிப்பட்ட அட்டைகளில் இருந்த தேதிகளால்தான் முடிந்தது. குழந்தைக்கு வந்தது மருந்தால்தான் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் டாக்டரிடம் சொல்லி, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1999இல் ரோட்டாஷீல்டைப் பிடித்துக் கொடுத்தது அப்படி வந்த 15 புகார்கள்.